மணல் அக்கா

முதல் ஆறு மாதமும் எனக்கு அவரைப் பிடிக்காது. பிடிக்காததை நான் மறைத்ததும் இல்லை. அதற்காக அவர் ஒரு பிடி சோற்றைக்கூடக் குறைத்துச் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

எண்பத்தாறாம் ஆண்டு. ஜெர்மனியில் பீலெஃபெல்டு நகரத்துக்கு வெளியே, பிள்ளைகள் குறைந்து மூடிவிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைப் போட்டிருந்தார்கள். ‘ஹைம்’ என்று அதற்குப் பெயர், அகதிகள் விடுதி. வகுப்பறைகளைப் பலகையால் மறித்து அறைகளாக்கியிருந்தார்கள். பலகைக்கு இந்தப் பக்கம் நானும் என் கணவரும், அந்தப் பக்கம் அவர். நாங்கள் சண்டை பிடிப்பது அவருக்குக் கேட்கும். அவர் மா அரிப்பது எங்களுக்குக் கேட்கும். ஜெர்மன்காரன் கடையில் விற்கிற கோதுமை மாவில் அரிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் அரிப்பார். அரித்துவிட்டுச் சல்லடையில் மிஞ்சியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒன்றும் மிஞ்சியிராது. அதையும் பார்த்துத்தான் நம்புவார்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். தனியாள். திருகோணமலைக்கு வடக்கே, கறுப்பு மணல் கிடக்கிற கரையில் ஒரு தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் பதினொரு வருடம் மணல் சோதித்தவர். அதனால் ஹைமில் அவருக்குப் பெயர் மணல் அக்கா. அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு அவருடைய அனுமதி வேண்டும். அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது.

அனுமதி என்றதும் அவருடைய வாய்ச்சொல்லைச் சொல்லிவிட வேண்டும். “ஆரைக் கேட்டனீங்கள்?” அதுதான். யார் எந்தப் புதுமையைக் கொண்டுவந்தாலும், அது நல்லதோ கெட்டதோ, முதலில் இந்தக் கேள்வி வரும். ஆத்திரமாகக் கேட்கமாட்டார். கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரிக் கேட்பார். எங்களுக்குத்தான் ஆத்திரம் வரும்.

மற்றவர்கள் ஜெர்மன் மொழியில் வணக்கமும் நன்றியும் பழகிக்கொண்டிருந்த நாட்களில், அவர் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் பாடுபட்டு இந்த ஒரு வசனத்தைத்தான் தேடி எடுத்தார். “வேன் ஹாபன் ஸீ கெஃப்ராக்ட்?” ஆரைக் கேட்டனீங்கள் என்பதேதான். அதை முதலில் வாங்கிக் கட்டிக்கொண்டவர் எங்கள் விடுதிப் பொறுப்பாளர். கிழமைக்கு ஒரு தடவை உணவுப் பொதி தருவார்கள். அதற்குள் பன்றி ஈரல் அடைத்த தகர டப்பா ஒவ்வொரு தடவையும் இருக்கும். எங்கள் ஆம்பிளைகள், தருகிறதே பெரிது, வாயைப் பொத்திக்கொண்டு வாங்குவோம் என்றார்கள். அக்கா ஒரு வாளியில் எல்லாருடைய டப்பாக்களையும் சேர்த்துக்கொண்டு போய்ப் பொறுப்பாளரின் மேசையில் ஒவ்வொன்றாக அடுக்கினார். பன்னிரண்டு டப்பா. அடுக்கி முடித்துவிட்டுத் தன்னுடைய வசனத்தைச் சொன்னார். அந்த மனிதர் கையை விரித்தார், மேலே காட்டினார், தலையைச் சொறிந்தார். மூன்றாம் கிழமை பொதியில் முட்டையும் பருப்பும் வந்தன.

அன்றைக்கு அவரை ஹைமே கொண்டாடியது. அடுத்த மாதமே அந்தக் கொண்டாட்டம் முடிந்தது. சமையலறைக்கு எங்கள் பொடியன்கள் ஒரு நேர அட்டவணை எழுதி ஒட்டினார்கள். நல்ல நேரம் எல்லாம் எங்களுக்கு. மேல்மாடியில் இருந்த கானா நாட்டுக் குடும்பத்துக்கும் லெபனான்காரர்களுக்கும் மிச்ச நேரம். அக்கா அதைப் படித்தார், கேள்வியைக் கேட்டார், ஒருவரும் பதில் சொல்லாதபடியால் அட்டவணையைக் கழற்றி மடித்துக்கொண்டு மேலே போனார். கதவு கதவாகத் தட்டி, கைப்பாஷையில் பேசி, புது அட்டவணை ஒன்றுடன் இறங்கி வந்தார். எங்களுக்குக் கிடைத்த நேரம் முந்தியதைவிட மோசம். அவருக்குக் கிடைத்தது எல்லாரையும்விட மோசம். காலை ஆறு மணி. குளிரில் ஆறு மணிக்கு எழும்பிச் சமைத்தார். ஒரு நாளும் முறையிடவில்லை.

எனக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கு இதெல்லாம் காரணம் இல்லை. காரணம் ஞாயிற்றுக்கிழமைக் கதைகள்.

ஞாயிறு மத்தியானம் சமையலறையில் எல்லாரும் கூடுவோம். என் கணவர்தான் அங்கே எங்கள் தமிழர் சங்கத்தின் செயலாளர். கதை எங்கே தொடங்கினாலும் தனிநாட்டில் வந்து நிற்கும். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீடு எரிந்தபோது நான் மதில் ஏறிக் குதித்துத் தப்பியவள். எனக்கு அந்தக் கதை பொழுதுபோக்கு இல்லை. பிரிந்து போனால்தான் உயிர் என்று நம்பினேன். அப்படி நம்பியதற்காக இன்றைக்கும் நான் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

ஜெர்மன்காரர்கள் எங்களைக் கண்டால் கேட்பது ஒரே கேள்வி. இவ்வளவு சின்ன இடம் தனியாகப் பிழைக்குமா? தேவாலயத்தில் பழைய உடுப்புத் தருகிற பெண்ணும் அதைத்தான் கேட்பாள், பல் வைத்தியரும் அதைத்தான் கேட்பார். அதற்குப் பதிலாக என் கணவர் விரல் மடித்து எண்ணத் தொடங்குவார். காங்கேசன்துறையில் சீமெந்து. ஆனையிறவில் உப்பு. திருகோணமலைத் துறைமுகம். சுற்றிவரக் கடல். கடைசியில், அக்காவின் பக்கம் கையைக் காட்டி, கறுப்பு மணல்.

“அந்த மணல் மட்டும் போதும். குவைத் மாதிரி இருக்கலாம்” என்றார் ஒரு நாள்.

அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். “மணல் இல்லாட்டில்?” என்று கேட்டார்.

“என்னக்கா?”

“மணலும் இல்லை, உப்பும் இல்லை, வெறும் கல்லுத் தரை எண்டு வையுங்கோ. அப்ப சேர்ந்து இருப்பியளோ?”

“அதெப்பிடி, எங்களை அடிக்கிறாங்கள். சேர்ந்திருக்க ஏலாது.”

“அப்ப அதைச் சொல்லுங்கோவன். ஏன் மணலைச் சொல்லுறியள்? வசதி இருக்கிறவைக்கு மட்டுமோ விடுதலை? கொழும்பும் இதே லிஸ்டைத்தான் வைச்சுக்கொண்டு விடமாட்டம் எண்டு நிக்குது. நீங்களும் அதையே வைச்சுக்கொண்டு தா எண்டு நிக்கிறியள்.”

“உலகம் ஏற்றுக்கொள்ள வேணுமல்லோ அக்கா” என்று நான் இடையில் விழுந்தேன். “எங்களைப் பிச்சைக்காரர் எண்டல்லோ இவங்கள் நினைக்கிறாங்கள்.”

“அது சரி” என்றார். அவர் எதையாவது சரி என்று சொன்னதை நான் முதன்முதலில் கேட்டது அன்றைக்குத்தான். ஆனால் அடுத்த நொடியே, “அந்தக் கரையிலை இருக்கிற சனத்தை ஆரும் கேட்டனீங்களோ?” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழும்பி வெளியே போய்விட்டேன்.

அந்த மணலில் கொஞ்சம் அவரிடம் இருந்தது எனக்கு மட்டும் தெரியும். பெட்டிக்குள், ஒரு பழைய சட்டையில் சுற்றி, கைக்கடக்கமான கண்ணாடிப் போத்தலில் வைத்திருந்தார். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் இருந்து கஞ்சி தந்துவிட்டு அதைக் காட்டினார். பார்க்கக் கரித்தூள் மாதிரி, கையில் எடுத்தால் கனம். வெள்ளைச் சுவர்ப்பூச்சு செய்வது இந்தக் கறுப்பு மணலிலிருந்துதான் என்றார். நான் நம்பவில்லை. “இந்தச் சுவருக்கு அடிச்சதிலையும் கொஞ்சம் எங்கடையாய் இருக்கும்” என்று சுவரைத் தட்டினார். போத்தலில் ஏதோ எழுதிய ஒரு அழுக்குத் தாள் ஒட்டியிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை.

குளிர்காலம் முடிகிற நேரம், தேவாலய மண்டபத்தில் எங்கள் நாட்டைப் பற்றி ஒரு மாலைக் கூட்டம் வைக்கப் பாதிரியார் சம்மதித்தார். என் கணவர் ஒட்டுப்பலகையில் ஆளுயரத்துக்கு ஒரு வரைபடம் வெட்டினார். யாழ்ப்பாணத்தில் புகையிலை, ஆனையிறவில் உண்மையான உப்பு, காங்கேசன்துறையில் சீமெந்து என்று பசை போட்டு ஒட்டினோம். பொதியில் வருகிற பருப்பை எண்ணித் தின்றுகொண்டிருந்த எங்களுக்கு அந்தப் பலகையைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிமிர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தப் படம் வேண்டியிருந்தது. பழைய உடுப்புத் தருகிற அந்தப் பெண்ணின் முன்னால் ஒரு நாளாவது பணக்காரியாக நிற்க வேண்டியிருந்தது.

கிழக்குக் கரை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. கூட்டத்துக்கு முதல் நாள். அக்கா பல் பிடுங்க நகரத்துக்குப் போயிருந்தார். வரும்வரை காத்திருந்து கேட்டிருக்கலாம். கேட்டால் தரமாட்டார் என்று நினைத்தேன். அதனால் கேட்கவில்லை.

பெட்டியைத் திறந்து போத்தலை எடுத்தேன். பாதி மணலைப் பசையில் தூவினேன். மிச்சத்தைப் போத்தலோடு மேசையில் வைத்தால் அழகாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் அழுக்குத் தாளோடு எப்படி வைப்பது? வேறு பாத்திரத்தில் மணலைக் கொட்டி, போத்தலைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, நகத்தால் சுரண்டி, பளபளவென்று கழுவித் துடைத்தேன். புதுத் தாள் வெட்டி, ஜெர்மன் மொழியில் ‘எங்கள் மண்ணின் செல்வம்’ என்று நல்ல எழுத்தில் எழுதி ஒட்டினேன். எனக்கு என் கைவேலையில் அன்றைக்கு மகா பெருமை.

அக்கா கன்னம் வீங்கி வந்தார். பலகையைப் பார்த்தார். மேசையில் போத்தலைப் பார்த்தார். அவர் கேட்கப் போகிற கேள்விக்கு நான் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

“இதிலை ஒட்டியிருந்த தாள் எங்கை?”

“கழுவிப்போட்டன் அக்கா. ஊத்தையாய் இருந்தது.”

அவர் குப்பைக் கூடைக்குள் கையை விட்டார். கூழாகிப்போன ஒரு உருண்டையை எடுத்து, அறையைச் சூடேற்றும் குழாயின் மேல் வைத்து விரித்துப் பார்த்தார். மை முழுக்க ஓடியிருந்தது. அந்தக் கூழைப் பார்த்துக்கொண்டே, கன்னத்தைப் பொத்திக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். நியமனக் கடிதம், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு எல்லாம் வீட்டோடு எரிந்துவிட்டன. அந்தத் தாளில் தொழிற்சாலை முத்திரையும் மாதிரி இலக்கமும் சோதித்தவர் என்று அவருடைய கையெழுத்தும் இருந்தன. வேலையால் துரத்தப்பட்ட அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே எழுத்து அதுதான். அகதி விசாரணைக்கு அதைக் கட்டாயம் கொண்டுவரும்படி வக்கீல் சொல்லியிருக்கிறார். விசாரணைக்கு இன்னும் ஒன்பது நாள்.

மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன். கேட்காமலும் இருந்திருக்கலாம்.

என் கணவர் அதற்கும் வழி கண்டுபிடித்தார். “யோசிக்காதேங்கோ அக்கா. நீங்கள் அங்கை வேலை செய்தது உண்மை எண்டு சங்கம் கடிதம் தரும். முத்திரையோடை தாறன். நாளைக்கு நீங்கள் மேடையிலை ஏறி அந்த மணலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கோ. நிபுணர் சொன்னால்தான் இவங்கள் நம்புவாங்கள்.”

“என்ன சொல்ல வேணும்?”

“உண்மையை. நல்ல மணல், பெறுமதியான மணல், அதை வைச்சு ஒரு நாடு வாழும் எண்டு.”

“நான் பேசிறன்” என்றார் அக்கா.

மண்டபத்தில் அறுபது பேர் வந்திருந்தார்கள். கேக், கோப்பி, எங்கள் வடை. பாதிரியாரின் மனைவி ஆங்கிலத்தை ஜெர்மனாக்கினார். என் கணவர் நன்றாகப் பேசினார், கைதட்டினார்கள். அடுத்ததாக அக்கா. தமிழில் பேசினால் இடையில் நின்று தான் மாற்றிச் சொல்லலாம் என்று என் கணவர் எண்ணியிருந்தார் போல. அக்கா ஆய்வுகூடத்து ஆங்கிலத்தில் நேராகப் பாதிரியாரின் மனைவியைப் பார்த்துப் பேசினார்.

மணல் நல்ல மணல்தான் என்று தொடங்கினார். பதினொரு வருடம் தன் கையால் சோதித்தது, கப்பல் கப்பலாகப் போனது, சந்தேகம் வேண்டாம். என் கணவர் தலையாட்டினார்.

“ஆனால் அதற்காக எங்களுக்கு ஒரு நாடு தர வேண்டாம்” என்றார் அக்கா. “எங்களைக் கொன்றார்கள், எரித்தார்கள், எங்களைக் கேட்காமல் எங்களை ஆண்டார்கள். அது போதும். அந்த இடம் பாலைவனமாக இருந்தாலும் அது போதும். மணலைக் காட்டித்தான் உங்களை நம்பவைக்க வேண்டும் என்றால், நீங்கள் மணலுக்குத்தான் உதவுவீர்கள், எங்களுக்கு இல்லை.”

அதோடு நிறுத்தியிருந்தால் என் கணவர்கூடப் பொறுத்திருப்பார்.

“அந்தக் கரையில் வலை இழுக்கிற முஸ்லிம் சனங்கள் இருக்கிறார்கள். அதற்குப் பின்னால் வயல் செய்கிற சிங்களக் குடும்பங்களும் இருக்கின்றன. பதினொரு வருடத்தில் அந்த மணலைப் பற்றி அவர்களிடம் ஒருவர் ஒரு கேள்வி கேட்டதை நான் காணவில்லை. நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் அவர்களைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். இப்போது நாங்கள் இந்தப் பலகையை வெட்டியிருக்கிறோம். இதற்கும் அவர்களைக் கேட்கவில்லை. எனக்குத் தனிநாடு வேண்டும். ஆனால் அங்கே இருக்கிற ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் வேண்டும்.”

பாதிரியாரின் மனைவி ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். பின்வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார். தான் பிரான்ஸ் எல்லையில் உள்ள ‘சார்’ என்ற மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர் என்றார். அந்த மண்ணுக்கு அடியில் நிலக்கரி இருந்தபடியால் பிரான்சும் ஜெர்மனியும் மாறி மாறி இழுத்தன; தன் வாழ்நாளில் இரண்டு தடவை அந்தச் சனத்தை வாக்குப் போடச் சொல்லிக் கேட்டார்கள். “முதல் தடவை நாங்கள் ஹிட்லரின் நாட்டோடு போகிறோம் என்று சொன்னோம். அது மகா பிழை. ஆனால் எங்களைக் கேட்டது பிழையில்லை” என்றார். அக்கா மேடையிலிருந்து இறங்கிப்போய், எல்லாரையும் கேட்டார்களா, பெண்களையும் கேட்டார்களா என்று அந்தக் கிழவரிடம் விசாரித்துக்கொண்டு நின்றார். நான் வடைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

கடிதம் கிடைக்கவில்லை. “துரோகிக்குச் சங்கம் கடிதம் குடுக்காது” என்றார் என் கணவர், பலகைக்கு அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும்படியாக. அந்தச் சொல் அந்த வருடங்களில் லேசான சொல் இல்லை. ஊரில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஆட்களைச் சுட்டார்கள். ஹைமில் ஒருவரும் அக்காவோடு பேசவில்லை. அவர் ஆறு மணிக்குச் சமைத்தார், மா அரித்தார், வழியில் கண்டவர்களுக்கு முதலில் தானே வணக்கம் சொன்னார். பதில் வராவிட்டாலும் அடுத்த நாளும் சொன்னார். ஒரு தடவைகூட என் கணவரிடம் வந்து கெஞ்சவில்லை. என்னிடமும் போத்தலைப் பற்றிப் பேசவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

ஏழாம் நாள் ஒரு தாள் எடுத்து எழுதினேன். இன்ன பெயருடைய நான், இன்னாரின் பெட்டியை அவரைக் கேட்காமல் திறந்தேன். அவருடைய போத்தலை எடுத்தேன். அதில் ஒட்டியிருந்த தாளைக் கழுவி அழித்தேன். அந்தத் தாளில் முத்திரையும் இலக்கமும் கையெழுத்தும் இருந்தன. எழுதிவிட்டுப் பார்த்தால், அது திருட்டை ஒப்புக்கொள்கிற வாக்குமூலமாகவே இருந்தது. எங்கள் விண்ணப்பமும் அதே அலுவலகத்தில்தான் கிடந்தது. என் கணவருக்குச் சொல்லவில்லை. அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“கடைசி வசனம் பொய்” என்றார் படித்துவிட்டு. “நீர் அதை வாசிக்கேல்லை. ஊத்தைத் தாள் எண்டுதான் கண்டனீர். அப்பிடியே எழுதும்.”

அப்படியே திருத்தி எழுதினேன்.

விசாரணை, ரயிலில் ஒன்றரை மணி நேரம் தள்ளி, வேறொரு நகரத்தில். அகதிகள் தங்கள் மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதித் தாள் வேண்டும். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் என் கணவருக்குத் தெரிந்துவிடும். தாள் இல்லாமலே அக்காவோடு போனேன். அதிகாரி ஒரு நரைத்த பெண். மொழிபெயர்ப்பாளர் மதுரைப் பக்கத்துப் பையன், பல்கலைக்கழகத்தில் படிப்பவன். என் வாக்குமூலத்தை அவன் படித்துச் சொன்னபோது, அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, இது உண்மையா என்றார். உண்மை என்றேன். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் அக்காவிடம் மணலைப் பற்றியே கேட்டார். எப்படிச் சலிப்பது, காந்தத்தால் எப்படிப் பிரிப்பது, எத்தனை மணிக்கு வேலை. அக்கா தண்ணீர் குடிக்கிற மாதிரிப் பதில் சொன்னார்.

கடைசியில் அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, உங்கள் நாட்டில் ஒரு பகுதி பிரிந்துபோக வேண்டும் என்கிறார்களே, உங்கள் நிலைப்பாடு என்ன என்றார்.

“ஓம், எனக்குத் தனிநாடு வேணும். வாக்கெடுப்பு வைச்சால் அதுக்குத்தான் போடுவன்” என்றார் அக்கா.

பையன் மொழிபெயர்க்கவில்லை. குரலைத் தாழ்த்தி, “மேடம், இது வேண்டாமே. செபரேட் கன்ட்ரி அது இதுன்னா கேஸ் வீக் ஆயிடும். பாலிடிக்ஸ் தெரியாதுன்னு சொல்லிடட்டுமா?” என்றான்.

“தம்பி, நான் சொன்னதைச் சொல்லுங்கோ.”

சொன்னான். அதிகாரி அடுத்ததாக, வாக்கெடுப்பில் நீங்கள் தோற்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வி விசாரணைத் தாளில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, அவராகவே கேட்டார்.

“எல்லாரையும் ஒழுங்காய்க் கேட்டு அதிலை தோத்தனெண்டால், அங்கையே போய் இருப்பன். இருந்து, திருப்பிக் கேக்கச் சொல்லிச் சண்டை பிடிப்பன்.”

அதையும் சொன்னான். தட்டச்சுக்காரி அதையும் அடித்தாள்.

அக்காவுக்கு முடிவு வர இரண்டு வருடமாயிற்று. நல்ல முடிவுதான் வந்தது; ஏன் நல்லதாக வந்தது என்று வக்கீலுக்கே விளங்கவில்லை. நான் சொல்ல வந்தது அந்த விசாரணை நாளின் பின்னேரத்தைப் பற்றி.

திரும்பி வந்தபோது சமையலறையில் சங்கத்து ஆம்பிளைகள் எல்லாரும் இருந்தார்கள். நான் போன விசயம் எப்படியோ தெரிந்துவிட்டது. என் கணவர் கதிரையில் இருந்தபடியே கேட்டார். “துரோகிக்குச் சாட்சி சொல்லிப்போட்டு வாறீரோ? என்னவாம்? ஒற்றுமையாய் இருப்பம் எண்டு வெள்ளைக்காரிக்குச் சொன்னாவாமோ?”

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. “தனிநாடு வேணும் எண்டு சொன்னா. அதிகாரியின்ரை முகத்துக்கு நேரை, அதுக்குத்தான் வாக்குப் போடுவன் எண்டு சொன்னா. சொன்னதை ரைப் அடிச்சும் வைச்சிருக்கு” என்றேன். “இஞ்சாருங்கோ, உங்கடை விசாரணையிலை நீங்கள் என்ன சொன்னனீங்கள்? நான் பக்கத்திலை இருந்தனான். அரசியல் தெரியாது, தனிநாடு எண்டால் என்னெண்டு தெரியாது, ஆர் ஆண்டாலும் எங்களுக்குச் சரி எண்டு சொன்னனீங்கள். நானும் அதைத்தான் சொன்னனான். இஞ்சை இருக்கிற எல்லாரும் அதைத்தான் சொன்னவை. வக்கீல் சொல்லித் தந்தது எல்லாருக்கும் ஒரே பாட்டுத்தானே. ஆர் இதிலை துரோகி?”

என் கணவர் மேசையைப் பார்த்தார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. என்னைத்தான் பார்த்தார். நான் ஒரு சிரிப்பையாவது எதிர்பார்த்தேன்.

“என்ரை வாக்கை இவைக்குச் சொல்ல உமக்கு ஆர் உத்தரவு தந்தது?” என்றார். “அதிகாரி கேட்டா, சொன்னன். இவை ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை. நீரும் என்னைக் கேக்கேல்லை.”

எட்டு நாள் எரிச்சலும் ரயில் பயணமும் பயமும் எல்லாம் சேர்ந்து கண்ணுக்கு வந்தன. அக்கா உள்ளே வந்து, ஆம்பிளைகளுக்கு நடுவில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் கணவரை நேராகப் பார்த்தார்.

“இப்ப கேளுங்கோ” என்றார். “நான் இருக்கிறன்.”